கேட்காமல் விட்ட மாடு

ஹுன்னஸ்கிரிய
09.01.2024

அன்புள்ள லாபிர் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சீனி வருத்தம் எப்படி? மதினி தரும் பாகற்காய்த் தண்ணீரைக் குடிக்கிறீர்களா, இல்லை பின்னால் நிற்கும் வாழை மரத்துக்கு ஊற்றுகிறீர்களா?

போனில் பேசினால் மூன்றாவது வசனத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொன்னதை யோசித்தேன். கலகெதரைக்கு வந்து உங்கள் வீட்டுப் பின் அறையில் இருக்கச் சொல்கிறீர்கள். என் மாப்பிள்ளை மௌத்தாகி ஏழு வருடமாக இந்தக் கடையை நான் தனியாகத்தானே நடத்துகிறேன். விடிய எழும்பி அடுப்பு மூட்டாவிட்டால் எனக்குக் கை கால் ஒரு இடத்தில் நில்லாது. உங்கள் பின் அறையில் யாருக்கு நான் தேத்தண்ணி ஊற்றுவது?

மழை விட்டபாடில்லை. அட்டை கடைக்குள்ளேயே வருகிறது. பதினெட்டு வளைவும் ஏறி வரும் மாட்டு லொறிகள் இப்போதும் இங்கேதான் நிறுத்துகின்றன. என்ஜின் ஆற வேண்டும், மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரும் அப்படி நிறுத்துகிறவர்தான். நிஸாம் என்று பெயர், பங்கரகம்மனை ஆள். பால் மாடும் எருமையும் ஏற்றி உங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்குக் கொண்டு போகிறார். போன பயணத்தில் ஒரு இளம் பசுவுக்குக் குளம்பு வெடித்து நிற்க முடியவில்லை. அதை நம் பட்டியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நெற்றியில் வெள்ளை. சாதுவான பசு.

வேறு ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் என் சலாம். பாகற்காயை மறக்க வேண்டாம்.

உங்கள் தங்கச்சி
ஜெஸீமா

கலகெதர
18.01.2024

அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் காவலில் இங்கு எல்லாரும் சுகம். சீனி கொஞ்சம் கூடத்தான். வாழை மரத்தைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று தெரியும், அவளிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

பின் அறை என்று ஏளனமாக எழுதுகிறாய். புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறேன், ஜன்னலும் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை றோட்டோரத்தில் லொறிக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, நான் இங்கே நாற்காலியில் இருப்பது எப்படி? பள்ளிவாசலில் ஆட்கள் கேட்கிறார்கள்.

அது நடையில் மாடு வந்த காலத்துக் கடை. பிந்தென்னையிலிருந்து நாற்பது ஐம்பது மாடு ஓட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையால் ஏறி வருவார்கள். அதற்கும் முந்திப் பொதி சுமக்கும் மாடுகள் வரிசையாக வரும் தவளம். உப்பும் கருவாடும் ஏற, பாக்கும் மிளகும் இறங்கும். சிங்கள ஆட்கள் முதலில் மேலே இருந்த சாராயத் தவறணைக்குப் போய், பிறகு தலை தெளிய நம் கடைக்கு வருவார்கள். உம்மாவின் வாப்பா அவர்களுக்குச் சீனி போடாத பிளேன்டீதான் கொடுப்பாராம். நம் வாப்பா அந்தக் கடைக்கு மருமகனானதும் மாட்டால்தானே. கால் நொந்த மாட்டை அங்கே விட்டுவிட்டு, மூன்று தரம் வந்து தேத்தண்ணி குடித்தும் மாட்டைக் கேட்காமல் போனார். நாலாம் தரம் பெரியவர்களோடு பெண் கேட்டு வந்தார். அதெல்லாம் நடந்து வந்த காலம். இப்போது யார் நடக்கிறார்கள்?

அந்தப் பசுவுக்குப் பெர்மிட் கடுதாசி உன்னிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் பொலிஸ் வந்து உன்னிடம்தான் கேட்கும். அந்த மனிதரைச் சீக்கிரம் எடுத்துப் போகச் சொல்.

உன் நன்மையை மட்டும் நினைக்கும்
நானா லாபிர்

ஹுன்னஸ்கிரிய
02.02.2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் முழங்கால் அப்படியேதான். ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது இன்னும் வலிக்கிறது, அதனால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் பிரஷரையும் ஒருக்கால் பாருங்கள்.

பெர்மிட் இருக்கிறது. மிருக வைத்தியர் கந்தோரால் ஆள் வந்து குளம்பையும் பார்த்து மருந்து கட்டிவிட்டார். பொலிஸுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

நிஸாம் இன்று வந்தார். பிளேன்டீ குடித்தார். ஹஸலகையில் மழை என்றார், வயல் எல்லாம் தண்ணீர் என்றார். இந்த இரண்டாம் தரமும் பசுவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துப் போகச் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வது நானா? கடைக்காரர் வாயால் கேட்கக் கூடாது என்பது நம் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விட்டுப் போனவர் மூன்று தரம் வந்தும் கேட்காவிட்டால் மாடு கடைக்கு. அதற்குள் கடைப் பக்கத்தால் கேட்டால், உன் மாடு எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. உம்மாவின் வாப்பா ஒரு மொட்டை எருமைக்குக்கூட அந்த மரியாதை பார்த்தவர்.

பட்டிக் கூரைத் தகரத்தை நானே ஏறி மாற்றினேன். பிறகு மேசைகளைக் கழுவினேன். பிறகு காய்வதற்குள் மறுபடியும் கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை, இந்த மாதம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது.

கடித உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். வந்து சேரும்போது ஒட்டு சரியாக இருந்ததா என்று எழுதுங்கள்.

மதினிக்குச் சலாம்.

ஜெஸீமா

கலகெதர
11.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சலாம். பிரஷர் பார்த்தேன், அதுவும் கூட. உன் கடிதம் படித்த பிறகு பார்த்தது தப்பு.

தகரத்தில் ஏறினாயா? விழுந்திருந்தால் யார் தூக்குவது? இதற்குத்தான் இங்கே வா என்கிறேன்.

ஒட்டு அப்படியே இருந்தது. நல்ல மனிதர்தான். கடிதத்தோடு ஒரு பலாப்பழமும் கொண்டுவந்து வைத்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கடையில் கூரை ஒழுகாமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒரு வியாபாரி தன் பசுவை ஒரு இடத்தில் விட்டுவிட்டு மறந்துபோவானா? மறதிக்காரனோடு வியாபாரம் செய்வது கஷ்டம். மூன்று தரம் என்கிறாயே, நடையில் வந்த ஆட்களின் வழக்கம் லொறிக்கு ஏது? அவர்களுக்கு மறுபடி வர மாதக் கணக்கு ஆகும். இவர் மூன்று நாலு கிழமைக்கு ஒரு தரம் றோட்டில் நிற்கிறார்.

உன் மதினி றுமைஸாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மேசை கழுவின இடத்தில் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். "ஒங்களுக்குச் செல்லி வெளங்கப் போறல்ல" என்று குசினிக்குள் போய்விட்டாள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

அறைக்குத் திரை வாங்கியாகிவிட்டது. பச்சை.

நானா

ஹுன்னஸ்கிரிய
01.03.2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம்தானே. நோன்பு வருகிறது, மருந்து நேரத்தை மாற்றுவது பற்றி டொக்டரிடம் கேட்டீர்களா? கேட்காமல் நோன்பு பிடிக்க வேண்டாம்.

அவர் நேற்று வந்தார். தண்ணித் தொட்டியடியில் கை கழுவப் போனார். பசு கிட்ட வந்து அவர் கையை நக்கியது. கையை இழுக்காமல் நக்க விட்டார். குளம்பு ஆறியதையும் குனிந்து பார்த்தார். நான் உள்ளே இருந்து கேத்தலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று இருந்ததில் கிளாஸ் வழிய ஊற்றிவிட்டேன். வந்து கதிரையில் இருந்தார். "இன்னொரு தேத்தண்ணி தாங்க" என்றார். அவர் ஒரு நாளும் இரண்டாவது தேத்தண்ணி கேட்டவர் இல்லை. அதையும் குடித்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தரமும் பசுவைக் கேட்கவில்லை.

லொறி அடுத்த வளைவு திரும்பும் வரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு எனக்குக் கடைக்குள் இருக்க முடியவில்லை. றோட்டால் நடந்து தேயிலைத் தோட்டச் சந்தி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். எதற்குப் போனாய் என்று சந்திக் கடை கிருஷாந்தி கேட்டாள். தீப்பெட்டி வாங்க என்றேன். நம் கடையிலேயே இரண்டு டசின் தீப்பெட்டி இருக்கிறது.

அறையைப் பற்றி இப்போது ஒன்றும் கேட்க வேண்டாம். பெருநாளுக்குப் பிறகு என் முடிவைச் சொல்கிறேன். நோன்பில் என்னையும் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெஸீமா

கலகெதர
20.03.2024

அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

ரமழான் சலாம். டொக்டர் சரி சொன்னார், நோன்பு பிடிக்கிறேன், உடம்பு இலேசாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் தலையிடியை நானே தீர்த்துவிட்டேன். நேற்று நிஸாம் இந்தப் பக்கம் வந்தார். நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிட்டேன். மரியாதையாக வந்து இருந்தார். கஞ்சி குடித்தபின் நானே பேச்சை எடுத்தேன். நேராகப் பேசினால்தானே வியாபாரத்துக்கு அழகு. "தங்கச்சி செல்லியனுப்பின, ஒங்கட மாட்டக் கொண்டு போகட்டாம், அவவுக்குப் பார்க்க ஏலாதாம்" என்றேன். நீ சொன்னதாகச் சொன்னால்தான் பேச்சுக்குக் கனம் இருக்கும் என்று அப்படிச் சொன்னேன்.

கையில் எடுத்த பேரீச்சம்பழத்தைத் திரும்ப வைத்தார். "அவ செல்லினா?" என்று கேட்டார். "ஓ" என்றேன். "சரி நானா" என்றார். வேறு ஒரு பேச்சும் இல்லை. தங்கமான மனிதர், ஒரு முகச்சுளிப்புக் காட்டவில்லை. உனக்கு எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று தாள் எடுக்க உள்ளே போனேன். அதற்குள் லொறி போய்விட்டது. அதனால் தபாலில் போடுகிறேன்.

இனி அந்த மாடும் இல்லை, அங்கே உன்னைக் கட்டிப்போட ஒன்றும் இல்லை. பெருநாளுக்கு முதல் வந்துவிடு. றுமைஸா நேற்றிரவிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நோன்புக் களைப்பு என்று நினைக்கிறேன்.

நானா லாபிர்

ஹுன்னஸ்கிரிய
28.03.2024

நானாவுக்கு,

சலாம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவர் வந்துவிட்டார். லொறியைப் பட்டியடிக்குப் பின்னால் எடுத்தார். பலகையைப் போட்டார். பசு ஏற மறுத்தது, கழுத்தைத் தடவித் தடவி ஏற்றினார். நோன்பு என்பதால் தேத்தண்ணியும் இல்லை. நான் வாசலில் நின்றேன். "என்னத்துக்கு?" என்று கேட்டேன். "நீங்க செல்லியனுப்பினீங்களே" என்றார்.

நான் என்ன சொல்லியனுப்பினேன் நானா?

இல்லை, நான் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், அப்படியென்றால் வேறு என்ன என்று அவர் கேட்டிருப்பார். அதற்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வது? "சிரமம் தந்ததுக்கு மன்னியுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் வைக்கோல் போட்ட எனக்கு அவர் மன்னிப்புச் சொல்கிறார்.

நான் சுகம். பெருநாளுக்கு வரமாட்டேன்.

கலகெதர
12.04.2024

என் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முபாரக். போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. உடம்பு சரிதானே?

உன் கடிதத்தை றுமைஸாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "ஒங்கட உம்மாவ ஒங்கட வாப்பா எப்படி முடிச்ச?" அந்தக் கதையை உனக்கு ஜனவரியில் எழுதினவனே நான்தான். என் கையால் எழுதினேன். எழுதிவிட்டு, இது நடந்து வந்த காலம் என்று மூடிவிட்டேன். "லொறியில வந்தாலும் மனிசன் மனிசன்தானே" என்றாள் றுமைஸா. நாற்பத்தெட்டு வயதில் உனக்கு அப்படி ஒரு காரியம் இருக்கும் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை ஜெஸீமா. அதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் பங்கரகம்மனைக்குப் போய் நேரே பேசட்டுமா? நான்தான் பொய் சொன்னேன், அவள் சொல்லவில்லை என்று சொல்கிறேன். நீ ஓ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், நாளைக்கே பஸ் ஏறுகிறேன்.

பதில் எழுது.

நானா

கலகெதர
05.05.2024

ஜெஸீமாவுக்கு,

சலாம். நீ பதில் எழுதவில்லை. மஹியங்கனை பஸ் கொண்டக்டர் ஒருவரிடம் விசாரித்தேன், கடை சில நாள் பூட்டிக் கிடக்கிறது என்கிறார். அந்தக் கடை பூட்டி நான் பார்த்ததே இல்லை, உன் மாப்பிள்ளை மௌத்தான போது தவிர. கிருஷாந்திக்குப் போன் எடுத்தேன். ஆள் சுகம், விடியப் போய்ப் பொழுதுபடத் திரும்பி வருவா, எங்கே என்று சொல்லமாட்டா என்றாள். நீ எங்கே போகிறாய்?

நிஸாமும் இந்தப் பக்கம் வருவதில்லை. பண்ணைக்காரர்களைக் கேட்டேன், அவர் இப்போது தம்புள்ளை றோட்டால் சுற்றிப் போகிறாராம். உன் கடை வாசலைத் தாண்டக் கூடாது என்று அவ்வளவு தூரம் சுற்றுகிறார்.

நான் சாப்பிடுவதும் சரியில்லை, தூங்குவதும் சரியில்லை. பாகற்காய்த் தண்ணீரை ஒழுங்காகக் குடிக்கிறேன் என்பதை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். திட்டியாவது எழுது.

நானா

ஹுன்னஸ்கிரிய
26.05.2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். முழங்கால்கூட வலிக்கவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள், மதினியை வருத்த வேண்டாம்.

உங்களிடம் கோபப்பட்டுக்கொண்டு கடைக்குள் இருந்து பார்த்தேன். இருக்க முடியவில்லை. நீங்கள் போய்ப் பேசினால் அது சமாதானமாகும், அவ்வளவுதான். ஒருவர் கேட்க, இன்னொருவர் விளக்கம் சொல்ல, கடைசியில் இரண்டு பக்கமும் வெட்கப்பட்டு எழும்பிப் போகும். அது எனக்கு வேண்டாம்.

அதனால் என் சிவப்பியை ஏற்றினேன். தெரியும்தானே, என் கறவைப் பசு. கந்தோரில் பெர்மிட் எடுத்து, மரக்கறி லொறிக்கார இருளப்பனைப் பிடித்து, பதினெட்டு வளைவும் இறங்கினேன். வழியெல்லாம் என்னை நானே ஏசிக்கொண்டு போனேன். திருப்பு என்று சொல்ல இரண்டு தரம் வாயைத் திறந்தேன். பங்கரகம்மனையில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் பட்டியில் வைக்கோல் அள்ளிக்கொண்டு நின்றார். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்த. மாட்டுக்குக் கால் வீங்கிப் பெய்த்து, கொஞ்ச நாள் இங்க நிக்கட்டும்" என்றேன்.

சிவப்பிக்குக் காலில் ஒன்றும் இல்லை நானா. லொறியிலிருந்து ஆட்டுக்குட்டி மாதிரிக் குதித்து இறங்கியது.

அவர் குனிந்து நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மாட்டுக்காரருக்குத் தெரியாதா? எனக்கு முகம் எரிந்தது. "எந்தக் கால்?" என்று கேட்டார். நான் கண்ணில் பட்ட ஒரு காலைக் காட்டினேன். அதைத் திரும்பவும் கையில் எடுத்தார். அமத்திப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ, வீங்கித்தான் ஈக்கி" என்றார்.

பிறகு இரண்டு தரம் போய்விட்டேன். அவரே தேத்தண்ணி ஊற்றித் தருகிறார், சாயம் கூட. நான் வெயிலைப் பற்றிப் பேசுகிறேன், பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறேன். சிவப்பியைக் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரு தரம் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் போவேன்.

போன் எடுக்க வேண்டாம். அங்கே போக வேண்டாம். யாரிடமும் ஒன்றும் சொல்லியனுப்ப வேண்டாம். இந்த ஒரு தரம் மட்டும் சும்மா இருங்கள் நானா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

ஜெஸீமா

கலகெதர
14.06.2024

என் அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் கிடைத்ததிலிருந்து நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. றுமைஸா என் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள் என்பதும் உண்மை.

நிஸாம் இன்று பின்னேரம் வந்தார். லொறியில் இல்லை, வேனில். கூட அவருடைய சாச்சாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும். வெள்ளைச் சேட், தொப்பி. இருந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். மழை பற்றிப் பேசினார்கள், வைக்கோல் விலை பற்றிப் பேசினார்கள். எனக்கு நாக்கு அரித்தது. மறைப்புத் துணிக்குப் பின்னால் றுமைஸா நிற்கிறாள், அவளுடைய வளையல் சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை.

கடைசியில் சாச்சா தொண்டையைச் செருமினார். "எங்கட பட்டியில ஒரு செவப்பு மாடு நிக்கிது நானா. மூணு தரம் ஆள் வந்து போயும் கேக்கல்ல. நாங்களும் கேக்கல்ல. அதான் ஒங்களப் பாக்க வந்த" என்றார். நிஸாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தது அந்த ஐம்பது வயது மனிதருக்கு.

வாப்பா இருந்தால் அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில். வாப்பா இல்லை, நிக்காஹுக்கு உனக்குப் பொறுப்பாக நிற்கும் வலி நான்தான். "அது இனி ஒங்கட மாடு" என்றேன். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது, இருமினதாகச் சமாளித்தேன். உள்ளே ஒருத்தி சமாளிக்கவே இல்லை, எல்லாருக்கும் கேட்டது.

கடையை மூட வேண்டாம், நானே மேலே ஏறி வந்து அங்கே இருப்பேன் என்று நிஸாம் அவராகச் சொன்னார். நான் கேட்கவில்லை. பச்சைத் திரையை றுமைஸா கழற்றிவிட்டாள்.

நிக்காஹுக்கு நாள் எது என்று சாச்சா கேட்டார். எனக்கு ஒரு நாள் மனதில் இருந்தது. சொல்லவில்லை. தங்கச்சியிடம் கேட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் சொன்னாள் என்று நான் சொல்வதென்றால், நீ சொல்லியிருக்க வேண்டும்.

எந்த நாள் என்று எழுது.

நானா லாபிர்